அடிக்காத எட்டு மணி

இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் உங்கள் போன் நாலைந்து தடவையாவது சத்தம் போட்டுவிடும். தண்ணீர் குடி என்னும், எழுந்து நட என்னும், யாருக்கோ பிறந்தநாள் என்னும். இந்தச் சத்தங்களையெல்லாம் போனுக்குள் ஏற்றி வைத்தது நம் தொழில்காரர்கள்தான். இன்ன நேரத்துக்கு இன்ன வேலை, தினமும் மறுபடி மறுபடி என்று முடிச்சுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். யாரும் தொடாமலே அது தானாக எழுந்து வேலையைப் பார்க்கும். பார்க்கும் என்று நம்புவோம்.

நான் வேலையை விட்டு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்றைக்கும் காலை எட்டு, இரவு எட்டு என்றால் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து சமையலறைக்குப் போவேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவேன். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "மணி எட்டாயிடுச்சா?" என்பார். இந்த வியாதி எனக்கு 2012இல் ஒட்டிக்கொண்டது. அது எப்படி வந்தது என்பதை மட்டும் உங்களிடம் சொல்லப்போகிறேன். நிரல் எழுதுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அதற்கு உங்களிடம் ஆயிரம் வழி இருக்கிறது, என்னுடையதெல்லாம் பழைய சரக்கு.

அப்போது நாங்கள் நாலு பேர் சிதம்பரம் மேல வீதியில் ஒரு தையல்கடைக்கு மேலே ஆபீஸ் வைத்திருந்தோம். 2004இல் கடலூரில் பொத்தான் போனுக்கு எழுதத் தொடங்கியவள் நான். தொடுதிரை போன் விலை இறங்கி, சாதாரண ஜனங்கள் கைக்கு வந்தபோது, எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு நன்றாக ஏறியிருந்தது. வீடு கடலூர் செம்மண்டலத்தில். தினமும் காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் பிரைவேட் பஸ் பிடித்துச் சிதம்பரம் போவேன், சாயங்காலம் அதே மாதிரி திரும்புவேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் அருள் என்ற அருள்தாஸ் நிதானமானவன். நான் ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும்போது, அவன் முதல் வேலையின் இரண்டாவது வரியைப் படித்துக்கொண்டிருப்பான். அதற்காக அவனை எத்தனையோ தடவை கடிந்திருக்கிறேன்.

கடலூரில் ஒரு கிட்னி டாக்டரம்மா எங்களைத் தேடி வந்தார். சென்னையில் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்களை அவர்தான் தொடர்ந்து பார்த்து வந்தார். அவர்கள் ஒரு மாத்திரையை ஆயுசு முழுக்க, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சாப்பிட வேண்டும். விட்டால் உடம்பு அந்தக் கிட்னியை வேற்றாளாகப் பார்த்துத் தள்ள ஆரம்பிக்கும். அளவு கூடினாலோ அதே மருந்து அதே கிட்னியைக் கெடுக்கும். "நேரம் தவறக் கூடாது மேடம். அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்றார்.

செய்துகொடுத்தோம். 'மாத்திரை மணி' என்று பெயர். காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் போன் மணியடிக்கும். நோயாளி 'சாப்பிட்டேன்' என்ற பொத்தானை அழுத்தினால் கிளினிக்குக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். மணியடித்து அரை மணி நேரமாகியும் அழுத்தவில்லை என்றால் 'பதில் இல்லை' என்று ஒன்று போகும். கிளினிக் கம்ப்யூட்டரிலும் எங்கள் ஆபீஸிலும் எல்லாப் பெயர்களும் வரிசையாக இருக்கும். பதில் இல்லாதவர் பெயர் சிவப்பாகும். மற்றவர்கள் பச்சை.

இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். நான் அன்றைக்குப் படிக்கவில்லை.

முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் ஞானப்பிரகாசம். நாற்பது வயசுக்காரர். கடலூர் பஸ் ஸ்டாண்டில் பிரைவேட் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று நோட்டும் விசிலுமாக நிற்கிறவர். இரண்டு வண்டிக்கும் நடுவில் நாலு நிமிஷம்தான். ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றால் பின்னால் இருக்கிற டிரைவர் இறங்கி வந்து சட்டையைப் பிடித்துவிடுவான். அவருக்குக் கிட்னி கொடுத்தது தங்கை ரோஸ்லின். செம்மண்டலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து, காலையில் அரிசி அளந்து போட்டுவிட்டு எட்டு மணிக்கு ஒரு போன், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன். "அண்ணா, மாத்தர போட்டியா?" இந்த மூன்று வார்த்தைதான். ஒருநாள்கூட விட்டதில்லை.

ரோஸ்லின்தான் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, புதுப் போனும் கையுமாக எங்கள் மணியைப் போட வந்தார். நான் போட்டுக் காட்டினேன். மணியடித்தது. ஞானப்பிரகாசம் பொத்தானை அழுத்தினார். திரையில் பச்சை விழுந்தது. எனக்கு ஒரே பெருமை.

"அப்ப நா போன் பண்றத நிறுத்திடலாமா மேடம்?" என்று ரோஸ்லின் கேட்டார்.

"தாராளமா நிறுத்திடுங்க. இனிமே இது பாத்துக்கும்" என்றேன். யோசிக்க அரை வினாடிகூட எடுக்கவில்லை.

இதற்கு முன்னாடியே இன்னொரு அரை வினாடி முடிவும் எடுத்திருந்தேன். அந்தக் காலத்து மலிவு போன்களில் சொந்த இடம் மிகக் குறைவு. நாலு படம் எடுத்தால் நிரம்பிவிடும். அதனால் எங்கள் செயலியை மெமரி கார்டில் போய் உட்காரும்படி செய்யச் சொன்னேன். அருள் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, கார்டுல வெச்சா மணி தங்காதுன்னு எங்கியோ படிச்ச ஞாபகம். கார்ட கழட்டுனா வெச்சிருந்த நேரமெல்லாம் அழிஞ்சிடும்போல. ஒரு நாள் குடுங்க, பாத்துடறேன்."

"போன்ல இருக்கிற கார்டை யாருடா கழட்டப் போறா?" என்றேன். பேச்சு அதோடு முடிந்தது. அவன் கேட்டது ஒரு நாள்.

ஞானப்பிரகாசம் வீட்டில் ஓய்விலிருந்தவரை மணி ஒழுங்காக அடித்தது. அப்புறம் உடம்பு தேறி வேலையில் சேர்ந்தார். தினமும் காலையில் நான் பஸ் ஏறும்போது தொற்றுக்குப் பயந்து முகத்தில் துணி கட்டிக்கொண்டு நிற்பார். என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்துவிட்டு, "வணக்கம் மேடம்" என்பார். "மணி அடிக்குதா?" என்று ஒரு நாளாவது நான் கேட்டிருக்கலாம். திரையில்தான் பச்சை இருக்கிறதே, கேட்பானேன்?

ஒருநாள் காலை பத்தரை மணி. அந்த வருஷம் கரண்ட் இருந்ததைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. யுபிஎஸ் கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவிடமிருந்து போன்.

"ஞானப்பிரகாசம் உங்க லிஸ்ட்ல எப்படி இருக்கார்?"

"பச்சைதான் டாக்டர்."

"அதான் எனக்குப் புரியல. சென்னையிலேருந்து ரிப்போர்ட் வந்திருக்கு. ரத்தத்துல மருந்து அளவு ரொம்பக் கம்மி. கிட்னி திணறுது. ஒழுங்கா சாப்பிட்டும் இவ்வளவுதான் ஏறுதுன்னா டோஸை நல்லா ஏத்தியாகணும். பன்னண்டு மணிக்குள்ள அங்க பெரிய டாக்டர்கிட்ட முடிவு சொல்றேன்னு சொல்லியிருக்கேன். ஆள் என் முன்னாலதான் உக்காந்திருக்கார். ஒருவேளைகூட விடலங்கிறார். நீங்க சொல்லுங்க, உங்க பச்சையை நான் நம்பலாமா?"

வாய் வரைக்கும் 'நம்பலாம்' வந்துவிட்டது. எது தடுத்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

வந்த குறுஞ்செய்திகளின் பட்டியலை அருள் திறந்தான். யுபிஎஸ்ஸில் இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மேஜையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். "அக்கா, தட்டாதீங்க" என்றான். ஞானப்பிரகாசத்தின் பெயரில் பத்தொன்பது நாளாக ஒரு 'சாப்பிட்டேன்'கூட வரவில்லை. ஒரு 'பதில் இல்லை'யும் வரவில்லை. ஒன்றுமே இல்லை.

"மணி அடிச்சாத்தானக்கா பதில் இல்லன்னு தெரியும்" என்றான் அருள், மெதுவாக. "மணியே அடிக்கலன்னா செவப்பாவறதுக்கு வழியே இல்ல."

அப்போது திரை இருண்டது. யுபிஎஸ் தீர்ந்துவிட்டது.

உங்களில் பலருக்கு இந்த நிமிஷம் வரும். தப்பு எங்கேயோ இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை, எதிரில் ஒருவர் பதிலுக்குக் காத்திருக்கிறார். 'செக் பண்ணிட்டு நாளைக்குச் சொல்றேன்' என்று ஒரு வாக்கியம் நம் தொழிலில் இருக்கிறது. அது பொய்யும் இல்லை. கௌரவமும் போகாது. எனக்கும் அது கைகொடுக்கத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்குள் அந்த மனிதனுக்குள் இரட்டிப்பு மருந்து ஏறியிருக்கும்.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "பச்சையை நம்பாதீங்க டாக்டர். பத்தொன்பது நாளா எங்களுக்கு அவர்கிட்டேயிருந்து ஒரு தகவலும் இல்ல. ஏன்னு இன்னும் தெரியல. தப்பு எங்க பக்கம்தான்."

"தெரியலங்கிறத வெச்சுக்கிட்டு நான் என்ன மேடம் பண்றது? சாப்பிட்டாரா, இல்லியா?"

"தெரியல."

பிறகு போன் கை மாறியது.

"மேடம், நா ரோஸ்லின் பேசறேன். நீங்கதான மேடம் நிறுத்தச் சொன்னீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். கத்தவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அருளை அங்கேயே இருந்து, கரண்ட் வந்ததும் தேடச் சொல்லிவிட்டு, பையைக்கூட எடுக்காமல் போனையும் சில்லறையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அந்தப் போனை என் கையால் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது.

கிளம்பத் தயாராக நின்ற பிரைவேட் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினையொட்டிய சீட்டில் உட்கார்ந்தேன். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். அந்த ரூட்டில் போனவர்களுக்குத் தெரியும், பாட்டுச் சத்தத்தில் பஸ்ஸே அதிரும். பு.முட்லூர் தாண்டுவதற்குள் அருளிடமிருந்து மூன்று அழைப்பு. ஒன்றும் காதில் விழவில்லை. பத்து நிமிஷத்துக்குள் வாட்சை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பெரியபட்டு, ஆலப்பாக்கம் என்று ஊர்கள் நகரவே மாட்டேன் என்றன. கடைசியில் டிரைவரிடம் கத்தினேன்.

"தம்பி, கொஞ்சம் சத்தத்த கொறைங்களேன். அவசரமா பேசணும்."

"இன்னா மேடம், பாட்டு புடிக்கலியா?" என்று சிரித்தவன், பாட்டுப் பெட்டியிலிருந்து சொருகியிருந்த கார்டு ரீடரை ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டான். பிடுங்கிய வேகத்தில் அதற்குள்ளிருந்த மெமரி கார்டு தெறித்து என் காலடியில் விழுந்தது. எடுத்தேன். விரல் நகத்தளவு கார்டு. மூலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

"பத்திரம் மேடம், அது என்னுதில்ல" என்றான் டிரைவர். "நம்ம டைம் கீப்பர் அண்ணன்து. அவர்கிட்டதான் எல்லாப் பாட்டும் இருக்கும். காலைல மொத ட்ரிப்புல போன்லேர்ந்து கழட்டிக் குடுப்பாரு, இன்னிக்கும் குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாரு, ராத்திரி கடைசி ட்ரிப் முடிச்சதும் திருப்பிக் குடுத்துடுவோம். அவரு டூட்டில இல்லாதப்ப பாட்டே செட்டாவல மேடம். இப்ப வந்து ஒரு இருவது நாளாத்தான் வண்டி களையா ஓடுது."

நான் கார்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தப் பத்தொன்பது நாளும் காலையில் நான் இந்த ரூட்டில்தான் வேலைக்குப் போனேன். எங்கள் மாத்திரை மணி, அதன் எட்டு மணியோடு, இந்தக் கார்டுக்குள் இருக்கிறது. ஞானப்பிரகாசம் பஸ் ஸ்டாண்டில் விசிலோடு நிற்க, அவருக்கு அடிக்க வேண்டிய மணி கடலூருக்கும் சிதம்பரத்துக்குமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போய்வந்திருக்கிறது. பாதி நாள் அந்தப் பாட்டுக்கு நானே காலால் தாளம் போட்டிருப்பேன்.

ரோஸ்லின் நம்பருக்கு அடித்து, அண்ணனிடம் கொடுக்கச் சொன்னேன். மணி பதினொன்று முப்பத்தைந்து.

"அண்ணே, உங்க போன் திரையில நம்ம மாத்திரை மணியோட படம் இருக்கா பாருங்க."

"இப்ப இருக்காது மேடம்" என்றார், ஏதோ எனக்குத் தெரிந்த விஷயம் போல. "பகல்ல காணாம பூடும், ராத்திரிதான் வரும். டூட்டி நேரத்துல தொந்தரவு வேணாம்னு நீங்களே அப்டி வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

"ராத்திரி வந்தா அடிக்குமா?"

"இல்ல மேடம். படம் மட்டுந்தான் வரும்."

கார்டைக் கழற்றியதும் வைத்திருந்த நேரமெல்லாம் அழிந்துவிட்டது. அருள் எங்கேயோ படித்தது சரி.

"அப்ப மாத்திரை?"

பின்னாலிருந்து யாரோ, "யோவ், பாட்டப் போடுய்யா" என்று குரல் கொடுத்தார்கள். டிரைவர் என் கையிலிருந்த கார்டை ஏக்கமாகப் பார்த்தான். நான் கையை மூடிக்கொண்டேன்.

"தங்கச்சி பக்கத்துல இருக்கு மேடம்" என்றார் ஞானப்பிரகாசம், குரலைத் தாழ்த்தி.

"வெளிய வந்து பேசுங்க."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் சொன்னார். காலையில் எட்டு மணிக்கு முன்னும் பின்னும் வண்டி நெருக்கிக்கொண்டு வரும் நேரம். பத்துக்கோ பதினொன்றுக்கோ நினைப்பு வரும். சில நாள் அப்போது போட்டுக்கொள்வார். சில நாள் நேரம் தப்பியதைப் போடலாமோ கூடாதோ என்று பயந்து விட்டுவிடுவார். ராத்திரியில் அசந்து தூங்கிவிடுவார். பாதிக்கு மேல் போயிருக்கிறது.

"டாக்டர்கிட்ட ஏண்ணே சொல்லல?"

"ஊர்ல ஓடற வண்டிக்கெல்லாம் நிமிஷம் சொல்றவன் மேடம் நானு. எனக்கே மறந்துபோச்சுன்னு தங்கச்சிய பக்கத்துல வெச்சிக்கிட்டு எப்டி சொல்லுவேன்? அதோட கிட்னி மேடம்."

ஆறுதல் சொல்ல நேரமும் இல்லை, எனக்கு அதற்கு வாயும் வராது. "நீங்க மறக்கல. நான் அடிக்கிறேன்னு சொல்லிட்டு அடிக்கல. அப்டியே சொல்லுங்க. உள்ள போங்க, இப்பவே போங்க. நான் போனை வெக்க மாட்டேன்" என்றேன்.

அவர் நடக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. "டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றார். அந்த இடத்தில் சிக்னல் போய்விட்டது.

அங்கிருந்து கடலூர் பழைய டவுன் வரைக்கும் நான் உட்கார்ந்து வந்தேனா, நின்றுகொண்டு வந்தேனா, நினைவில்லை. பாட்டில்லாத பஸ்ஸில் ஜனங்கள் என்னை முறைத்துக்கொண்டே வந்தார்கள். கிளினிக் வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது பன்னிரண்டு தாண்டி இருபது நிமிஷம். டாக்டரம்மா வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லிட்டார்" என்றார். "டோஸை ஏத்தல. இங்கேயே சேத்து, அதே அளவைக் கண் முன்னால குடுத்துப் பாக்கலாம்னு சென்னையிலயும் சொல்லிட்டாங்க. அவர் சொல்லலன்னா அரை மணி முன்னாடியே ஏத்தியிருப்பேன் மேடம்."

ரோஸ்லின் உள்ளே பெஞ்சில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கார்டை எடுத்துக் காட்டினேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அருள் ஒரு நாள் கேட்டதையும், நான் கொடுக்காததையும் சேர்த்தே சொன்னேன். அவர் அந்தச் சிவப்புப் பொட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது நா வெச்ச பொட்டு மேடம். அண்ணன் தொலைச்சிடும்னு அடையாளத்துக்கு வெச்சேன்" என்றார். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. பேச வைக்கவும் எனக்குத் தைரியமில்லை.

பதினோரு நாள் ஞானப்பிரகாசம் படுக்கையில் இருந்தார். தினமும் ரத்தம் எடுத்தார்கள். அந்தப் பதினோரு நாளும் எங்கள் ஆபீஸில் வேறு வேலை நடக்கவில்லை. செயலியைக் கார்டிலிருந்து போனுக்குள்ளேயே கொண்டுவந்தோம். போனை அணைத்துத் திறந்தாலும் மணியை மறுபடி ஏற்றிக்கொள்ளும்படி செய்தோம். கிளினிக் திரையில் பச்சைக்கு அர்த்தத்தை மாற்றினோம். 'சாப்பிட்டேன்' என்று வந்தால் மட்டும் பச்சை. ஒன்றுமே வராவிட்டாலும் சிவப்பு. சொல்லக் கேட்டால் அற்ப மாறுதல். அதை முதல் நாளே செய்திருந்தால் அடுத்த நாளே நர்ஸ் அவரைக் கூப்பிட்டிருப்பார்.

ஒரு விஷயத்தில் எனக்கும் அருளுக்கும் சண்டையே வந்தது. போன் அணைந்திருந்தபோது தவறிப்போன மணிகளை என்ன செய்வது? திறந்ததும் வரிசையாக எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்றேன் நான், ஒன்றையும் விடக்கூடாது என்ற பதற்றத்தில். கூடாது என்றான் அவன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஞானப்பிரகாசத்திடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். படுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ மேடம், எட்டு மணி வண்டி பிரேக்டவுனாயி பத்து மணிக்கு வந்தா, அதுக்கு எட்டு மணி டைமயும் பத்து மணி டைமயும் சேத்தா குடுப்பேன்? எட்டு மணி ட்ரிப்பு கேன்சல். எங்க பாஷைல கட்டு. நோட்டுல கட்டுன்னு எழுதி ஓனருக்குச் சொல்லிடுவேன். அடுத்த டைம் எப்பவோ அப்ப எடுக்கணும். ரெண்டையும் ஒண்ணா வுட்டா ரோட்ல அடிச்சிக்கும்."

என் யோசனைப்படி செய்திருந்தால் இரண்டு வேளை மாத்திரையை யாராவது ஒன்றாக முழுங்கியிருப்பார்கள். டாக்டரம்மாவிடம் கேட்டு அப்படியே வைத்தோம். தவறியது தவறியதுதான், மணியடிக்காது. 'ஒரு வேளை தவறியிருக்கிறது, கிளினிக்கைக் கேட்கவும்' என்று ஒரு வரி மட்டும் வரும். அருள் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது அவனுடைய பெருந்தன்மை. அதற்குப் பிறகு அவன் ஒரு நாள் கேட்டால் இரண்டு நாள் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் கொடுத்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் டாக்டரம்மா கூப்பிட்டு, கிட்னி பிழைத்துக்கொண்டது, வீட்டுக்கு அனுப்புகிறேன் என்றார். அன்றைக்குச் சிதம்பரம் போகவில்லை. புதுச் செயலியை என் கையாலேயே போட்டுக்கொடுக்கக் கிளினிக்குக்குப் போனேன். போனை அணைத்துத் திறந்து பார்த்தேன். கார்டைக் கழற்றிப் பார்த்தேன். நேரத்தை மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மணியடித்தது. ஞானப்பிரகாசம் ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பொத்தானை அழுத்தினார். கழற்றிய கார்டைத் திருப்பிக் கொடுத்து, இனி இதை எத்தனை வண்டிக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்றேன். முகம் மலர்ந்துபோனது.

ரோஸ்லின் கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"அப்ப நா போன் பண்றத நிறுத்திடலாமா மேடம்?"

மணி சரியாகத்தான் அடிக்கிறது. பத்து தடவை என் கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. நாங்கள் செய்ததிலேயே நன்றாகச் செய்த வேலை அது. அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"வேணாம் ரோஸ்லின். நிறுத்தாதீங்க" என்றேன்.

பதினோரு நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தப் போறதில்ல மேடம்" என்றார். "நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்."

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நான் செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். எட்டு அடித்து இரண்டு நிமிஷத்தில் கிளினிக் நர்ஸ் கூப்பிட்டு, ஞானப்பிரகாசம் பச்சை என்றார். "நிஜமாவே பச்சையா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தது. போனை வைத்துவிட்டு ரோஸ்லின் நம்பருக்கு அடித்தேன். லைன் பிஸியாக இருந்தது. அதற்கப்புறம்தான் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.